சீப்பும் கத்தரியும் செதுக்கிய கல்

பம்ப் உடைந்துவிட்டது என்ற செய்தி திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கோசாய் தன் பிக்கப்பை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அதிலிருந்த எல்லாவற்றையும் தரையில் இறக்கிப் பரப்பினான். நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி அவனுடைய முந்நூறு ஆடுகள் கிணற்றைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தன. மேய்ப்பன் கல்முர்சா வாளியால் எத்தனை நாள்தான் இறைப்பான்?

மங்கிஸ்தா என்னும் அந்தச் சீமையில் பாலைக்குள் இரண்டு வண்டியாகத்தான் போவார்கள். ஒன்று மாட்டினால் மற்றது இழுக்கும். இந்த முறை கோசாய் தனியாகப் போக வேண்டியிருந்தது. மனைவி பல்சியாவுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், அந்தக் கணக்கை வீட்டில் யாரும் நம்பவில்லை. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போயிற்று, இன்னொன்று கண்ணையே திறக்கவில்லை. இதுவும் போனால் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று கோசாய்க்குத் தெரியும். தானும் மனுஷனாக இருக்க மாட்டோம் என்றும் தெரியும். அதனால் வலி கண்டதும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு வண்டி வீட்டிலேயே நிற்க வேண்டும். அது பல்சியாவின் தம்பி இஸ்பாஸின் ஜீப்.

அந்த ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு, கையில் தேநீர்க் கிண்ணத்தோடு இஸ்பாஸ் வேடிக்கை பார்த்தான்.

"என்ன மச்சான், பொண்ணுக்குச் சீர் பரப்பி வெச்ச மாதிரி பரப்பி வெச்சிருக்கீங்க?"

"நடுவழில மாட்டிக்கிட்டா நீயா வந்து இழுப்ப? உனக்கு டீ குடிக்கவே நேரம் பத்தாது."

கோசாய் நிமிரவே இல்லை. தனியாகப் போகிறவன் அந்த இரண்டாவது வண்டியையும் தன் வண்டிக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது அவன் கட்சி. முன்பக்க பம்பரில், சிக்கிய வண்டியை மோட்டாரால் இழுக்கும் விஞ்ச். அதன் இரும்புக் கயிறு முப்பத்தைந்து மீட்டரையும் இழுத்துவிட்டு, பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் திரும்பச் சுற்றினான். சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு இரும்புத் தட்டு, உயரமான ஜாக்கி, மணலில் அது புதையாமலிருக்க ஒரு பலகை. ஸ்டெப்னி ஒன்றல்ல, இரண்டு. மண்வெட்டி. மணல் வந்தால் டயரில் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கெட்டித் தரை வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும், அதற்கு ஒரு கம்ப்ரஸர். தண்ணீரை ஒரே பீப்பாயில் ஊற்றாமல் மூன்று கேனில் பிரித்து ஊற்றினான், ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்குமே. டீசல் கேன்களைக் கேபினை ஒட்டிக் கட்டி ஆட்டிப் பார்த்தான். எதுவும் அசையவில்லை.

"போன குளிர்ல அந்தக் கம்பளி வியாபாரி மாட்டிக்கிட்டான்ல?" என்றான் இஸ்பாஸ். "பாவமேன்னு இழுத்துவிட்டேன். ஏறிக்கோ, எங்கேன்னு சொல்லு, கொண்டுபோய் விடறேன்னான். நானும் ஏறிட்டேன்."

"எங்க?"

"மாமியார் வீட்டுக்கு. இருநூறு கிலோமீட்டர். அவன் மூஞ்சியப் பார்க்கணுமே!"

கோசாய்க்கும் சிரிப்பு வந்தது. அந்த ஊர் வழக்கம் அது. சேற்றிலிருந்து இழுத்துவிட்டவனிடம் காசை நீட்டினால் கன்னத்தில் அறைந்த மாதிரி. அதற்குப் பதில் இந்த ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிரித்துவிட்டு வேண்டாம் என்று போய்விடுவார்கள். ஏறிவிட்டால் மட்டும், எந்த மூலையாக இருந்தாலும் கொண்டுபோய்த்தான் விட வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்த நாளிலிருந்து எல்லார் வாயிலும் அது தானாக வரும்.

கடைசியாக கோசாய் அவனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

"விளையாட்டை விட்டுட்டுக் கேளு. நாளைக்குப் போறேன், வியாழக்கிழமை திரும்புறேன். உப்புவெளி ஓரத்துத் தடத்துலதான் வருவேன். மதியம் பன்னெண்டுக்குள்ள நான் வரலைன்னா நீ கிளம்பிடணும். பன்னெண்டேகால் ஆகட்டும், ஒன்னு ஆகட்டும்னு உட்காரக் கூடாது. எங்க, திருப்பிச் சொல்லு."

"வியாழன். பன்னெண்டு. உப்புவெளி ஓரம்."

"இன்னொரு தடவை."

"ஐயோ மச்சான், பள்ளிக்கூடத்துலகூட என்னை இப்படிப் படுத்தலை."

ஆனாலும் சொன்னான். பல்சியா வாசற்படியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பம்ப் ஓடியது, ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு குடித்தன. வியாழன் விடியற்காலையில் கல்முர்சா ஒரு பை நிறையக் காய்ந்த தயிர்க்கட்டி கொடுத்து வழியனுப்பினான்.

"கடல் பக்கமிருந்து பனி வருது. மேட்டு வழியா சுத்திப் போயேன்."

"நாலு மணி நேரம் கூட ஆகும். பல்சியா தனியா இருக்கா."

"அவ தம்பி இருக்கானே."

"அதான் சொல்றேன், தனியா இருக்கா."

கல்முர்சா சிரித்தான். கோசாய் கிளம்பினான்.

உப்புவெளியின் ஓரம் வந்தபோது மணி ஏழரை. பனிமூட்டம் அங்கே அவனுக்காகவே காத்திருந்ததுபோல் வந்து சூழ்ந்தது. பொழுது விடிந்துதான் இருந்தது, ஆனால் சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. மேலே வெள்ளை, கீழே உப்பு வெள்ளை, நடுவில் பானெட்டின் நுனிகூட மங்கலாகத்தான் தெரிந்தது. தடத்தைவிட்டு ஒரு பத்துப் பதினைந்து மீட்டர் இடப்பக்கம் நகர்ந்திருப்பான். அது போதும்.

உப்புப் பொருக்கு உடைந்தது. வண்டி மூக்கைக் கீழே போட்டு, அச்சு வரைக்கும் இறங்கி நின்றது.

கோசாய் பதறவில்லை. இதற்காகத்தானே அவ்வளவு ஏற்றியிருந்தான். டயர்களின் காற்றைக் குறைத்தான், சக்கரத்து முன்னால் தோண்டினான், தட்டுகளைச் செருகினான். தட்டுகள் சேற்றுக்குள் போய் மறைந்தன. பலகை மேல் ஜாக்கியை வைத்து ஏற்றினான். வண்டி ஏறவில்லை, பலகைதான் இறங்கியது. சரி, விஞ்ச். கயிற்றை மாட்ட அங்கே மரமா இருக்கிறது? மரமில்லாத இடத்தில் ஸ்டெப்னியை இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்து, அதில் கயிற்றை மாட்டி இழுப்பார்கள். ஒன்றைப் புதைத்தான். விஞ்ச் உறுமியதும் அது சேற்றிலிருந்து சொத்தைப் பல்லைப்போல் பிடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதை இன்னும் ஆழமாகப் புதைத்தான். அதுவும் வந்துவிட்டது.

மணி பத்தேகால் ஆயிற்று. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. குழிக்குள் நின்றபடியே மூச்சு வாங்கினான். சுற்றிலும் ஒரு சத்தம் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. தன் மூச்சுச் சத்தம் பனியில் மோதி அவன் காதுக்கே திரும்பி வந்தது.

நிமிர்ந்தபோது பனி ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

முப்பது மீட்டருக்குள் ஒரு கல் நின்றது.

ஆள் உயரக் கல்லறைக் கல். இருபது வருஷமாக இந்த வழியில் போகிறான், அப்படி ஒரு கல்லை அவன் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்தான். எழுத்து எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. செதுக்கியிருந்த உருவங்கள் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஆண் கல்லறையாக இருந்தால் வாளும் குதிரையும் இருக்கும். இதில் ஒரு சீப்பு, ஒரு கத்தரி, அவற்றுக்குக் கீழே ஒரு தொட்டில். தொட்டிலுக்குள் ஒன்றும் செதுக்கவில்லை.

மந்தையோடு இடம் மாறிப் போகும் வழியில் பிரசவத்தில் செத்தவள். வேறு யாரையும் இப்படி ஒற்றையாக, இடுகாட்டுக்கு வெளியே, வழியோரத்தில் விட்டுப் போகமாட்டார்கள். பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டம் மேலே நடந்திருக்கும்.

கல்லறைக் கல்லில் கயிறு மாட்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்று கோசாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லறையைத் தாண்டும்போது ரேடியோவைக்கூட அணைக்கிற ஆள் அவன். கொஞ்ச நேரம் கல்லையும் பார்த்தான், வண்டியையும் பார்த்தான். பல்சியாவை நினைத்தான். அப்புறம் கையேந்தி ஓதினான், முகத்தைத் தடவிக்கொண்டான்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. அவளுக்காகத்தான்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தன் கம்பளிக் கோட்டைக் கல்லின் இடுப்பில் சுற்றி அதன் மேல் கயிற்றை மாட்டினான். விஞ்சை ஓடவிட்டான். கயிறு விறைத்து முனகியது. கல் பெயர்ந்து விழும் என்று பாதி பயந்து, பாதி எதிர்பார்த்து நின்றான். கல் மயிரிழைகூட அசையவில்லை. வண்டிதான் பெருமூச்சு விட்டதுபோல் சேற்றிலிருந்து கழன்று வந்தது.

கெட்டித் தரை வந்ததும் விஞ்சை நிறுத்தினான்.

வண்டி நிற்கவில்லை.

கயிறு இறுக்கமாகவே இருந்தது. மோட்டார் ஓடவில்லை, சுருள் சுற்றவில்லை. ஆனாலும் வண்டி இன்னும் ஒரு முழம் கல்லை நோக்கி மெதுவாக வந்து, அப்புறம்தான் நின்றது. அந்தப் பக்கமிருந்து யாரோ கையால் இழுத்து, போதும் என்று விட்ட மாதிரி.

சந்தோஷத்தில் கோசாய்க்கு அதை யோசிக்கத் தோன்றவில்லை. மூன்று மணி நேரச் சேறு, கடைசியில் வண்டி வெளியே. வாய் தானாகத் திறந்தது.

"ஏறிக்கோ, எங்கேன்னு சொல்லு, கொண்டுபோய் விடறேன்!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். கயிற்றைக் கழற்றிச் சுற்றி, டயருக்குக் காற்று ஏற்றி, கல்லின் பக்கம் திரும்பாமலே சாமான்களைப் பின்னால் எறிந்தான். கோட்டை எடுக்கப் போகவில்லை.

ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

அந்தப் பக்கத்துக் கதவும் சாத்திக்கொண்டது.

அது திறந்திருந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை.

வண்டியை எடுத்தான். பனி அவனுக்கு முன்னால் மட்டும் இரண்டு பக்கமும் விலகிக் கொடுத்தது, வழி வகிடு எடுத்ததுபோல் தெளிவாகத் தெரிந்தது. ஜிபிஎஸ்ஸில் வீடு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். மதியத்துக்குள் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் மனசு லேசானது.

முதலில் வந்தது வாசனைதான். நனைந்த ஆட்டுக் கம்பளி, அதோடு புளித்த பால். கல்முர்சா கொடுத்த தயிர்க்கட்டி என்று நினைத்தான். பையைத் திறந்து முகர்ந்தான். அது வேறு வாசனை.

பிறகு பக்கத்துச் சீட்டின் கண்ணாடி உள்ளேயிருந்து ஆவி படிந்தது. ஆவி கலைந்தது. மறுபடி படிந்தது. ஒருவர் மூச்சு விட்டு இழுக்கும் நேரம்தான் ஒவ்வொரு தடவைக்கும்.

பிறகு சத்தம்.

சரக்.

ஈரத் தலைமுடியில் மரச்சீப்பு இறங்குகிற சத்தம்.

சரக்... சரக்...

கோசாயின் கழுத்து திரும்ப மறுத்தது. கடைக்கண்ணால் பார்த்தான். சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட்டின் மெத்தை நடுவில் நன்றாக அழுந்தி, குண்டும் குழியும் வந்தபோது ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

கேட்கத் துணிவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஏற்றிக்கொண்டாயிற்று, எங்கே என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"எங்க... எங்க போகணும்?"

சீப்பு நின்றது.

காதுமடலில் குளிர்ந்த ஒரு மூச்சு பட்டது.

"புள்ள இருக்கிற இடத்துக்கு."

கால் தானாக பிரேக்கை மிதித்தது. வண்டி சறுக்கி நின்றது. இப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. வழி ஏன் திறந்தது, யாருக்காகத் திறந்தது. இத்தனை வருஷம் யாரும் கயிறு மாட்டாத கல்லிடம் தானே போய், வீட்டில் ஒரு புள்ளத்தாச்சி இருக்கிறாள் என்று சொல்லி, வா என்று கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

"இல்லை," என்றான். "அங்க மட்டும் வேண்டாம். வேற எங்க வேணும்னாலும் சொல்லு. உன் ஆளுங்க எங்க போனாங்கன்னு விசாரிச்சு..."

சரக்... சரக்...

ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்பினான். வந்த வழியே வேகமாக ஓட்டினான். ஜிபிஎஸ்ஸைப் பார்த்தான். வீடு நாற்பத்தெட்டு. இரண்டு நிமிஷம் கழித்துப் பார்த்தான். நாற்பத்தாறு. வீட்டுக்கு முதுகைக் காட்டி ஓட்டுகிறோம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். வலப்பக்கம் ஒடித்தான். நாற்பத்தைந்து. இடப்பக்கம். நாற்பத்துநாலு. எந்தப் பக்கம் திருப்பினாலும் பனி மரியாதையாக விலகி வழிவிட்டது.

எங்கே ஓட்டினாலும் வீட்டுக்குத்தான் போகிறான்.

அப்படியென்றால் ஓட்டவே கூடாது.

கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் உப்பு ஈரமாக மினுங்கியது. கோசாய் ஒரு முடிவோடு வண்டியை அதற்குள் விட்டான். பொருக்கு உடைந்தது, சக்கரம் சுழன்றது. அவன் காலை எடுக்கவில்லை, ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தான். கதவின் அடிவரை சேறு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பிடுங்கிப் பனிக்குள் வீசினான். அதோடு விடவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கி, நாலு டயரிலும் வால்வைக் கழற்றிச் சேற்றில் எறிந்தான். விஞ்சின் ஒயரை அறுத்தான். பாட்டரியைப் பெயர்த்து உப்பில் போட்டான். டீசல் கேன்களைக் கவிழ்த்தான். இரண்டு நாளைக்கு முன் ஒவ்வொன்றையும் எவ்வளவு ஆசையாகக் கட்டினானோ, அவ்வளவு ஆத்திரமாக அவிழ்த்தான். அவன் அழுதுகொண்டிருந்தான், அதில் அவனுக்கு வெட்கமில்லை.

தண்ணீர் மூன்று கேன் இருந்தது. அதை மட்டும் தொடவில்லை. இங்கேயே கிடக்கலாம். எத்தனை நாளானாலும் கிடக்கலாம். பல்சியா பிள்ளையைப் பெற்று, நாற்பது நாள் ஆகி, பிள்ளை தலை நிற்கிற வரைக்கும்கூட...

"இனிமே எப்படிப் போவ?" என்று கேபினைப் பார்த்துக் கத்தினான். "இரு, இங்கயே இரு!"

கேபினுக்குள் சீப்புச் சத்தம் நின்றது. அதற்குப் பதிலாக மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. வலியில் முனகுவது என்று முதலில் நினைத்தான். அது தாலாட்டு. அவசரமே இல்லாமல், ஆளுக்காகக் காத்திருக்கிறவள் பொழுதுபோகப் பாடுகிற மாதிரி பாடினாள்.

ஆளுக்காகக் காத்திருக்கிறவள்.

கோசாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு பத்து.

வியாழன். பன்னெண்டு. உப்புவெளி ஓரம்.

ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே என்று அவனே அல்லவா பாடம் நடத்தினான். ஜென்மத்தில் சொன்ன பேச்சு கேட்காத இஸ்பாஸ், இன்றைக்குப் பார்த்துக் கேட்டிருப்பான். நின்ற வண்டியைக் கண்டால் இறங்கி வராதவன் அந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. வருவான், இழுப்பான், ஏற்றிக்கொள்வான்.

அவனை வழியிலேயே மறிக்க வேண்டும். வண்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் முடியுமோ அவ்வளவு தூரத்தில்.

ஓடினான். ஓட முடியாதபோது நடந்தான். நூறு அடிக்கு ஒரு தரம் நின்று காது கொடுத்துக் கேட்டான். தாலாட்டு தேய்ந்தது, பிறகு இல்லை. வாசனையும் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தான், உப்பில் அவன் காலடி மட்டும் ஒற்றை வரிசையாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு தடம் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க உயிர் வந்தது. தடம் கொஞ்சம் ஆழமாகத்தான் பதிந்திருந்தது, கோதுமை மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தவன் தடம் மாதிரி. உப்பு ஈரமாக இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். தோள்கூட வலித்தது. காலையிலிருந்து தோண்டியது அப்படி.

ஒரு மணி நேரத்துக்குமேல் நடந்திருப்பான். பனி கலைந்து வெயில் விழுந்தது. எதிரே எஞ்சின் சத்தம்.

ஜீப்பைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"நிக்காத! போ! திரும்பிப் போ!"

இஸ்பாஸ் அவன் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"என்ன மச்சான் இது கோலம்? சேத்துல புரண்ட எருமை தோத்தது போங்க. வண்டி எங்க?"

"வண்டி போச்சு. அந்தப் பக்கம் போகாத. நீ வீட்டுக்குப் போ, அவகிட்ட இரு!"

"அவகிட்டதான் இருக்கேன்," என்றான் இஸ்பாஸ். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "பதினொரு மணிக்கு வலி எடுத்துடுச்சு. டவுனுக்கும் இந்தத் தடம்தானே. உங்களையும் பார்த்த மாதிரி ஆச்சுன்னு கிளம்பிட்டேன்."

பின்சீட்டின் ஜன்னல் இறங்கியது. பல்சியா வேர்த்துக் கொட்டிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஏங்க... வந்துட்டீங்களா?"

கோசாய் இரண்டடி பின்னால் போனான். "நீங்க போங்க. நான் நடந்தே வர்றேன். தடத்தை விட்டு மேட்டோரமா போ இஸ்பாஸ், என் வண்டி நிக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத."

"பைத்தியமா உங்களுக்கு? அவ கத்துற கத்துல எனக்கு வழியே தெரியலை. ஏறுங்க!"

"ஏறுங்க," என்று பல்சியா அழுதாள். "எனக்குப் பயமா இருக்குங்க. இதுவும் போயிடும் போலிருக்கு. என்னை விட்டுட்டு எங்கயும் போகாதீங்க."

அவன் கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்த்தான். வெயிலில் உப்புவெளி கண்ணுக்கெட்டிய வரை காலியாகக் கிடந்தது. மூச்சை இழுத்து முகர்ந்தான். உப்பு வாசனை மட்டும். காது கொடுத்தான். ஒன்றும் இல்லை. அவள் வண்டியிலேயே இருக்கிறாள், சாவி இல்லாத, டயரில் காற்று இல்லாத வண்டியில். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். முன் கதவைத் திறந்து இஸ்பாஸின் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஏறியதும் தோள் வலி சட்டென்று விட்டது.

ஜீப் மேட்டோரமாக வளைந்து பாய்ந்தது. பிக்கப் நிற்கும் இடம் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, பின்னால் போய், மறைந்தது. கோசாய் கண்ணை மூடிக்கொண்டான். இனி ஒரு மணி நேரத்தில் தார் ரோடு, அப்புறம் ஆஸ்பத்திரி.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்னால் சத்தமே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

"பல்சியா?"

திரும்பினான்.

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வேர்வை வற்றியிருந்தது. இத்தனை நாளில் அவன் பார்க்காத நிம்மதியோடு, கதவோரமாக நன்றாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டிருந்தாள்.

"வலி நின்னுடுச்சுங்க," என்றாள்.

"எப்படி?"

"ஷ்ஷ்... மெதுவா பேசுங்க. புள்ள தூங்கிட்டானாம். எழுப்ப வேண்டாம்னு இந்த அக்கா சொல்றாங்க."